வெள்ளித் தண்ணீர்

வடிகட்டுகிற வேலை தமயந்தியின் தலையில் விழுந்ததற்குக் காரணம் மஹாதேவனின் கை நடுக்கம். கிடர்பூர் துறைமுகத்தின் மின்பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் உழைத்த கை, ஓய்வு பெற்ற மறுவருஷமே நடுங்க ஆரம்பித்துவிட்டது. மூன்று ஒன்பது வோல்ட் பேட்டரிகளைச் சேர்த்துக் கட்டுவதும், இரண்டு வெள்ளிக் கம்பிகளை ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் தொங்கவிடுவதும் அவருக்கு எப்படியோ முடிந்தது. ஃபில்டர் பேப்பரை நாலாக மடித்து, கண்ணாடிப் புனலுக்குள் உட்காரவைத்து, சிந்தாமல் ஊற்றுவதுதான் முடியவில்லை. இரண்டு தடவை பேப்பர் கிழிந்து, கறுப்புக் கசடு அத்தனையும் கீழே இறங்கிவிட்டது.

"நீ பண்ணு. உன் கைதான் ஸ்டெடியா இருக்கு," என்று புனலை அவள் பக்கம் தள்ளினார். அது 2003 ஜனவரி மாதம். லேக் கார்டன்ஸில் மூன்றாம் மாடி பிளாட்டின் சமையலறையில், அன்றிலிருந்து தினமும் காலை ஒன்பது மணிக்கு அவள் புனலுக்கு முன்னால் நின்றாள்.

அந்தத் தண்ணீர் அவர்களுடைய ஒரே பெண் பத்மஜாவுக்கு. வயது இருபத்தாறு. டாக்குரியாவில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவள். மூன்று வருஷத்துக்கு முன்னால் மழைக்காலத்தில் பிடித்த இருமல் விடவே இல்லை. காசநோய் என்றார்கள். பயப்பட ஒன்றுமில்லை, ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும் என்றார்கள். ஆறு மாதம் முடிந்த பத்தாம் நாள் ஜுரம் திரும்பி வந்தது. சளியைப் பரிசோதனைக்கு அனுப்பி, இரண்டு மாதம் காத்திருந்த பிறகு, வழக்கமான எந்த மருந்துக்கும் இந்தக் கிருமி மசியாது என்று தெரிந்தது. பிறகு ஒன்றரை வருஷம் வேறு மாத்திரைகள், இடுப்பில் தினம் ஒரு ஊசி. ஊசி அவளுடைய இடது காதைக் கொண்டுபோனது, சிறுநீரகத்தைப் பழுதாக்கியது. கிருமியை மட்டும் ஒன்றும் செய்யவில்லை.

டாக்டர் சான்யால் நல்ல மனிதர். டிசம்பர் மாதம் ஒருநாள் கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்து, மேஜைமேல் இருந்த பேனாவை இரண்டு மூன்று தடவை மூடித் திறந்துவிட்டு, "இனிமேல் என்னிடம் கொடுக்க மருந்து இல்லை" என்று சொன்னார். நுரையீரல் இரண்டு பக்கமும் கெட்டுவிட்டதால் அறுவைச் சிகிச்சைக்கும் வழியில்லை. நன்றாகச் சாப்பிடட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும், புதிதாக ஏதாவது வந்தால் சொல்கிறேன் என்றார்.

மஹாதேவன் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. டாக்குரியா ஸ்டேஷன் பக்கத்திலிருந்த சைபர் கஃபேக்குப் போய்விட்டார். ஒரு வாரம் தினமும் போனார். கடைசியில் ஒரு கட்டுத் தாளோடு வந்தார். எந்தக் கிருமியும் வெள்ளிக்கு முன்னால் நிற்காது, அதை வீட்டிலேயே தயாரித்துக் குடிக்கலாம் என்று எங்கோ ஒரு மனிதர் எழுதியிருந்தார். வரிக்கு வரி சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தார் மஹாதேவன். கம்பிக்கு பௌபஜார் தட்டானிடம் போனார். புனலும் பேப்பரும் காலேஜ் ஸ்ட்ரீட்டில் ஆய்வகச் சாமான் விற்கும் கடையில் கிடைத்தன. மருந்துக்கடையிலிருந்து காய்ச்சி வடித்த தண்ணீர் கேன் கேனாக வந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அவர் முகத்தில் வேலைக்குப் போகிற மனிதனின் களை வந்ததைத் தமயந்தி பார்த்தாள். அதற்காகவே அவள் ஒன்றும் கேட்காமல் புனலை வாங்கிக்கொண்டாள்.

மின்சாரம் பாய ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் கம்பியிலிருந்து புகைபோல ஏதோ நெளிந்து இறங்கும். கம்பிமேல் கறுப்பாகப் பாசி படியும். அது உதிர்ந்து தண்ணீருக்குள் மிதக்கும். சீக்கிரம் ஆகவேண்டும் என்று அவர் ஒரு சிட்டிகை உப்பும் போடுவார், தண்ணீர் கலங்கிப்போகும். சமையலறைத் திரையை இழுத்துவிட்டு, கரியாஹாட் நடைபாதையில் குழந்தைகளுக்கு விற்கிற லேசர் பேனாவால் பாட்டிலுக்குள் ஒளி பாய்ச்சுவார். தண்ணீருக்கு நடுவே கம்பி இழுத்ததுபோல் சிவப்பாக ஒரு கோடு தெரியும்.

"பாத்தியா? உள்ள வெள்ளி இருக்கு. வெறும் தண்ணின்னா இந்தக் கோடு விழாது," என்பார். அதற்கப்புறம் பாட்டில் அவள் கைக்கு வரும். ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்கும். பேப்பரில் தங்கிய சாம்பல் நிறக் கசடை அவர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இன்றைக்கு அதிகம், இன்றைக்குக் குறைவு என்று சொல்வார். இறங்கிய தண்ணீர் வெளிர்மஞ்சளாக இருக்கும். அதில் ஒரு டம்ளரைப் பத்மஜாவுக்குத் தன் கையால்தான் கொடுப்பார். டம்ளர் நடுங்கும், பத்மஜா தன் கையை அவர் கைமேல் வைத்துப் பிடித்துக்கொண்டு குடிப்பாள்.

"இரும்பு கேட்டை நக்கின மாதிரி இருக்குப்பா," என்பாள்.

"இருக்கட்டும். மருந்துன்னா அப்படித்தான்."

ஜூலையில் தமயந்தி அவளுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தபோது, நகத்தின் அடிப்பிறை நீலம் பாரித்திருந்ததைப் பார்த்தாள். அழுக்கு என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தாள். போகவில்லை. இரண்டு வாரத்தில் ஈறு கறுத்தது. பிறகு முகம். வெயில் படுகிற நெற்றியிலும் கன்னத்திலும் நீலச் சாம்பல் பூத்து, நாளாக ஆக அது ஈயப்பாத்திரத்தின் நிறத்துக்கு வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து பார்க்க வந்த ஒரு டீச்சர் வாசற்படியிலேயே நின்று, வாயில் கையை வைத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள்.

அன்று பத்மஜா கண்ணாடி கேட்டாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அட்லஸ்ல ரொம்ப ஆழமான கடலுக்கு இந்தக் கலர்தாம்மா போடுவா," என்றாள்.

தமயந்தி டாக்டர் சான்யாலை வீட்டுக்கே அழைத்து வந்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பத்மஜாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மஹாதேவன் பெருமையோடு காட்டிய பாட்டிலையும் பார்த்தார். வங்காளியில் தணிந்த குரலில் பேசினார். இது வெள்ளி, தோலுக்குள் இறங்கிவிட்டது, இனி போகாது. சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனம், இதை உடனே நிறுத்துங்கள்.

டாக்டர் படியிறங்கும் வரை மஹாதேவன் வாசலில் நின்றார். கதவைச் சாத்திவிட்டுத்தான் திரும்பினார்.

"மருந்தே கிடையாதுன்னு கையை விரிச்சவர் வந்து, என் மருந்தை நிறுத்துங்கறார்."

"ஏன்னா, குழந்தை மூஞ்சியைப் பாருங்கோ. கொஞ்ச நாளாவது நிறுத்திப் பாக்கலாமே."

"கலர் போனா போறது. பொண்ணு இருக்கணுமோல்லியோ? அவர் நிறுத்தச் சொன்னாரே, அதுக்குப் பதிலா என்ன குடுத்தார், சொல்லு."

டாக்டரிடம் தமயந்தியே கேட்க நினைத்துக் கேட்காமல் விட்ட கேள்வி அது.

மறுநாள் காலை பத்மஜாவை முக்காலியில் உட்காரவைத்து வெந்நீர் விட்டுக் குளிப்பாட்டினாள். முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாகத் தெரிந்தது. ஜன்னலிலிருந்து வெயில் விழுந்த இடத்தில், பின்கழுத்தில், அந்த நிறம் ஒரு பட்டையாக இறங்க ஆரம்பித்திருந்தது. பத்மஜா தலையைக் குனிந்தபடி, "இன்னும் எவ்வளவு நாள்மா இதைக் குடிக்கணும்?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று ஒன்பது மணிக்குத் தமயந்தி வழக்கம்போல வடிகட்டினாள். பேப்பரை மஹாதேவன் பார்ப்பதற்காகத் தட்டில் எடுத்து வைத்தாள். வடிந்த தண்ணீரை, குழாயைத் திறந்துவிட்டு, தொட்டியில் கொட்டினாள். முதல்நாளே காய்ச்சி ஆறவைத்திருந்த குடிதண்ணீரைப் புதுப் பேப்பர் போட்டு வடிகட்டினாள். குழந்தை குடிப்பதில் ஒரு தூசுகூட இருக்கக்கூடாது என்று இருந்தது அவளுக்கு. அதில் மூன்று சொட்டு டீத்தண்ணீர் விட்டாள். அதே வெளிர்மஞ்சள் வந்துவிட்டது. கை நடுங்கவில்லை. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

பத்மஜா ஒரு வாய் குடித்துவிட்டு நிறுத்தினாள். வாயிலேயே வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். பக்கத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார். விழுங்கினாள். மிச்சத்தையும் குடித்தாள்.

மஹாதேவன் மார்க்கெட்டுக்குப் போனதும் கூப்பிட்டாள்.

"இன்னிக்கு என்னம்மா அது?"

"டீ. மூணு சொட்டு."

பத்மஜா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி அடங்குவதற்கு வெகுநேரம் ஆயிற்று. மூச்சு வாங்கிக்கொண்டு, "அப்பாகிட்ட சொல்லிடாதே. இதுவும் இல்லேன்னா அவர் கார்த்தால எழுந்து என்ன பண்ணுவார்?" என்றாள்.

செப்டம்பர் நடுவில், யாரும் எதிர்பாராமல், பத்மஜா தேறினாள். மாலை ஜுரம் விட்டது. மீன்குழம்பு வாசனை கீழ்வீட்டு முகர்ஜி வீட்டிலிருந்து வந்தால் முகம் சுளிக்கிறவள், "கீழாத்து மாஷிமா இன்னிக்கு என்ன பண்றாளோ, பசிக்கறது" என்றாள். இரண்டு கரண்டி சாதம் நாலாயிற்று. துர்கா பூஜை வந்தது. சஷ்டி அன்று சாயங்காலம், தாக் மேளம் கேட்க ஆரம்பித்ததும், புதுப்புடவை கட்டிக்கொண்டு, கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு, மூன்று மாடியும் இறங்கினாள். பந்தலிலிருந்து தள்ளி, கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அரைமணி உட்கார்ந்திருந்தாள். விளக்கு வெளிச்சத்தில் அந்த முகத்தைப் பார்த்து ஒன்றிரண்டு பேர் ஒதுங்கினார்கள். மஹாதேவன் அதை லட்சியமே பண்ணவில்லை. போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"டாக்டர் கைவிட்ட கேஸ். பாருங்க, எப்படி உக்காந்திருக்கா. எல்லாம் வீட்டுல பண்ணின மருந்து."

தமயந்தி நாற்காலிக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளியை நிறுத்தியதால் தேறினாளா, நோயே கொஞ்சம் ஓய்ந்ததா, அவளுக்குத் தெரியவில்லை. இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. பெண் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். இப்போது சொன்னால் கோபித்துக்கொண்டாலும் ஏற்றுக்கொள்வார். அஷ்டமி அன்று சொல்ல நினைத்தாள். பூஜை முடியட்டும் என்று தள்ளினாள். அவர் சாப்பிடும்போது பழைய ஆபீஸ் கதையெல்லாம் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நடுவில் அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. பிற்பாடு அந்த ஐந்து வாரத்தை நினைத்து நினைத்து அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டிருக்கிறாள்.

நவம்பர் முதல் வாரத்தில் ஒருநாள் பல் தேய்க்கும்போது பத்மஜாவின் வாயிலிருந்து ரத்தம் வந்தது. முதலில் ஒரு கோடு, பிறகு கைநிறைய. ஜுரம் முன்னைவிட வேகமாகத் திரும்பியது. மஹாதேவன் அன்றே பேட்டரியை மாற்றினார். ஒரு வேளை மூன்று வேளையாயிற்று. தமயந்தி தினம் மூன்று தடவை வடிகட்டி, மூன்று தடவை கொட்டினாள்.

ஒரு மதியம் அவளால் கொட்ட முடியவில்லை. வடித்த பாட்டிலைக் கையில் பிடித்தபடி தொட்டிக்கு முன்னால் நின்றாள். ஒருவேளை இதுதான் ஏதோ தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்ததோ? பூஜைக்கு அவளை மூன்று மாடி இறக்கியது, முன்னால் குடித்த வெள்ளியின் மிச்சமோ? டம்ளரில் ஊற்றினாள். எடுத்துக்கொண்டு அறை வாசல் வரை போனாள். பத்மஜா தூங்கிக்கொண்டிருந்தாள். போர்வைக்கு வெளியே கிடந்த கையின் நீல நகங்களைப் பார்த்துவிட்டுத் தமயந்தி திரும்பி வந்தாள். டம்ளரைக் கவிழ்த்தாள்.

நவம்பர் இருபதாம் தேதி மூச்சுத் திணறல் அதிகமாகி நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். மூக்கில் ஆக்சிஜன் குழாய். மஹாதேவன், தமயந்தி வடித்துக் கொடுத்த பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டுதான் வந்தார். டியூட்டியில் இருந்த இளம் டாக்டர், வெளியிலிருந்து எதுவும் கொடுக்கக்கூடாது என்று தடுத்தார்.

"ஒரு நிமிஷம் பாருங்க, டாக்டர் பாபு," என்று மஹாதேவன் இங்கிலீஷும் வங்காளியும் கலந்து கெஞ்சினார். "இது மந்திரம் தந்திரம் கிடையாது, சயன்ஸ். நானே எலக்ட்ரிகல் ஆள். உள்ளே வெள்ளி இருக்கறதைக் காட்டறேன், அப்புறம் சொல்லுங்க."

ஜன்னல் திரையை இழுத்தார். தமயந்தி கட்டிலின் அந்தப் பக்கம் நின்றிருந்தாள். என்ன நடக்கப்போகிறது என்று அவளுக்குப் புரிந்தது. அவர் கையைப் பிடிக்க வேண்டும் என்று நினைத்தாள், அதற்குள் அவர் பேனாவை எடுத்துவிட்டார்.

லேசர் பேனாவைப் பாட்டிலில் வைத்து அழுத்தினார். எதிர்ச்சுவரில் சிவப்புப் பொட்டு பளிச்சென்று விழுந்தது. பாட்டிலுக்குள் ஒன்றும் தெரியவில்லை. நடுங்கும் கையால் பாட்டிலைச் சாய்த்தார், குலுக்கினார், மறுபடி அழுத்தினார். பேனாவைத் தட்டிப் பார்த்தார். மேஜைமேல் இருந்த குடிதண்ணீர் டம்ளரில் பாய்ச்சினார். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

இளம் டாக்டர் சங்கடத்தோடு, மாமாவை அழைப்பதுபோல், "பரவாயில்லை, மேஷோமஷாய்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

மஹாதேவன் மனைவியைப் பார்த்தார். அந்த வீட்டில் புனலைத் தொடுகிற இன்னொரு கை கிடையாது.

"எத்தனை நாளா?"

"ஆகஸ்ட் கடைசியிலேர்ந்து."

அவர் பாட்டிலை மெதுவாக மூடி, பையில் வைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே நடந்தார். பத்மஜா கண்ணை மூடியிருந்தாள். தூங்கினாளா, கேட்டுக்கொண்டிருந்தாளா என்று தெரியவில்லை.

மறுநாள் காலை பார்வையாளர் நேரத்துக்கு அவர் வந்தார். சட்டை முழுக்கத் தண்ணீர். விரல்களில் கறுப்புக் கறை. தானே வடிகட்டியிருக்கிறார், பேப்பர் கிழிந்திருக்க வேண்டும். பாட்டிலுக்குள் கறுப்புத் துகள்கள் மிதந்தன. நர்ஸ் அந்தப் பக்கம் நகர்ந்ததும் டம்ளரில் ஊற்றினார். தமயந்தி குறுக்கே கையை நீட்டினாள்.

"வேண்டாம்னா. அவளால முழுங்க முடியாது."

"நீ நகரு."

இரண்டு பேருக்கும் நடுவில் பத்மஜாவின் கை எழுந்தது. குழாயை மூக்கிலிருந்து கொஞ்சம் தள்ளினாள். "குடுப்பா," என்றாள்.

அவர் கைமேல் தன் கையை வைத்துப் பிடித்துக்கொள்ள அவளுக்குச் சக்தி இல்லை. தமயந்திதான் டம்ளரைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. நாலு மடக்கு. ஒவ்வொரு மடக்குக்கும் நடுவில் மூச்சு. உதட்டில் கறுப்புத் துகள் ஒட்டியது. மஹாதேவன் தன் வேட்டி நுனியால் அதைத் துடைத்தார்.

"நன்னா இருக்கு," என்றாள் பத்மஜா, அப்பாவைப் பார்த்து.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குப் போய்விட்டாள். கேவ்ராதலா மயானத்தில் அந்த முகத்தை மூடியே வைத்திருந்தார்கள்.

காரியங்கள் முடிந்த பிறகு டாக்டர் சான்யால் வீட்டுக்கு வந்தார். தமயந்தி கேட்டுக்கொண்டுதான் வந்தார். வெள்ளி கொடுத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது, நோய் போன பாதை அது, நடுவில் தேறியதுபோல் காட்டுவது சில பேருக்கு வரும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். மஹாதேவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். டாக்டருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார், டீ குடிக்கச் சொன்னார்.

"எட்டு மாசம் குடிச்சா. அந்தப் பலத்துலதான் பூஜைக்கு எழுந்து நடந்தா," என்றார் கடைசியில். "அதுக்கப்புறம் உள்ள போனது வெறும் தண்ணி. தீர்ந்துபோச்சு."

டாக்டர் தமயந்தியைப் பார்த்துக் கைகூப்பி எழுந்துகொண்டார்.

மஹாதேவன் பத்மஜாவின் அறையில் படுத்துக்கொள்ள ஆரம்பித்தார். மனைவியோடு தேவைக்குத்தான் பேச்சு. கேஸ் தீர்ந்தது. தபால் வந்தது. கதவைத் தாழ்போடு. ஏசியிருந்தால், ஒரு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். சில நாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அவர் சொன்ன கணக்கு சரியோ என்று அவளுக்கே தோன்றிவிடும். அன்றெல்லாம் கை ஓடாது.

பிப்ரவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட உட்கார்ந்தவர் பிசைந்த சாதத்தை அப்படியே வைத்துக்கொண்டு இருந்தார்.

"ஒண்ணு மட்டும் சொல்லு," என்றார். மூன்று மாதத்தில் அவராகக் கேட்ட முதல் கேள்வி. "அவளுக்குத் தெரியுமா?"

தமயந்தி கரண்டியோடு நின்றாள். தெரியும், முதல் வாயிலேயே தெரிந்துகொண்டாள், உங்களுக்காகத்தான் சொல்லவேண்டாம் என்றாள். அதைச் சொன்னால் பாரத்தில் பாதி இறங்கிவிடும். பெண் தன் பக்கம் இருந்தாள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். கூடவே, அந்தக் கடைசி நாலு மடக்கை அவள் எதற்காகக் குடித்தாள் என்பதும் தெரிந்துவிடும்.

அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் அப்படி ஒரு பயம்.

"தெரியாது," என்றாள் தமயந்தி. "மருந்துன்னு நம்பித்தான் குடிச்சா."

மஹாதேவன் கண்ணை மூடிக்கொண்டார். "பாவி," என்றார் அவளை, சத்தமில்லாமல். பிறகு சாதத்தை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார். அவள் அடுப்புப் பக்கம் திரும்பி, அவருக்கு மோர் எடுத்து வந்தாள்.